நாகப்பனின் மண்குண்டுகள்

கருமணல்துறை அரண்மனையின் காரியஸ்தனான தானாபதி தோணி ஏறி வருகிறான் என்ற செய்தி வந்தபோது எல்லம்மா இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்தாள். செய்தி கொண்டுவந்தவன் கரையில் நின்று இரண்டு தடவை கத்தினான். அவள் நிமிரவில்லை. கையில் அகப்பட்ட இறாலைக் கழுத்தில் கட்டியிருந்த ஓலைப்பறிக்குள் போட்டுவிட்டு, "வரட்டும். அவன் வாயில அள்ளிப் போட இந்த ஏரியில சேறு நெறைய இருக்குது" என்றாள்.

பன்னிரண்டு வருஷக் கோபம் அது. நாளாக ஆக எல்லாம் ஆறிப்போகும் என்று சொல்லுகிற மனுஷர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கண்டாலே எல்லம்மாவுக்கு ஆகாது. அவளுக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று அவள் ஆசைப்படவும் இல்லை. தினமும் காலையில் அடுப்பு மூட்டுகிற மாதிரி அந்தக் கோபத்தையும் மூட்டி வைத்துக்கொண்டுதான் ஏரிக்குள் இறங்குவாள்.

கருமணல்துறை இந்த ஏரியிலிருந்து தெற்கே இரண்டு நாள் நடையில் இருக்கிறது. ஒரு பாளையக்காரருக்குச் சொந்தமான துறை. கப்பல் வந்து தூரத்தில் நின்றால், அலையைத் தாண்டிச் சரக்கை ஏற்றி இறக்குவது அங்கே எல்லம்மாவின் சனத்துக்கு வேலை. மற்ற நாளில் மீன்பிடிப்பு. அப்படி இருந்தவர்களிடம், பிடிக்கிற மீனில் பாதி அரண்மனைக்கு என்று புது உத்தரவு வந்தது. எல்லம்மாவின் புருஷன் நாகப்பன் அரண்மனை வாசலில் நின்று, பாதி மீன் வேண்டுமென்றால் பாதி வலையை வந்து இழுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். துணிச்சல்காரன். அந்தத் துணிச்சலைப் பார்த்துத்தான் எல்லம்மா அவனைக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஒரு விடிகாலையில் நாகப்பன் தோணியில் ஏழு பேர் கடலுக்குப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து அரண்மனை ஆட்கள் வந்து குப்பத்தில் கூரைக்குக் கூரை நெருப்பு வைத்தார்கள். எல்லம்மாவின் மாமியார் எழுந்து நடக்க முடியாதவள்; உள்ளேயே வெந்து போனாள். மிச்சப் பேர் கிடைத்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கரையோரமாக வடக்கே ஓடினார்கள். மதியத்துக்கு மேல் ஈரத் துணியோடு ஓடிவந்து அவர்களைப் பிடித்தான் தங்கவேல். எல்லம்மாவின் தம்பி, நாகப்பன் தோணியில் போன ஏழு பேரில் சின்னவன், பதினாறு வயது.

"தோணி கவுந்துடுச்சுக்கா. மாமாவைக் கடல் கொண்டுபோச்சு" என்றான்.

"பொணம் கெடச்சுதா?" என்று கேட்டாள் எல்லம்மா. அதைத்தவிர வேறெதுவும் அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை.

அவன் இல்லை என்று தலையை ஆட்டினான். மற்ற ஐந்து பேரும் போய்விட்டார்கள், தான் மட்டும் நீந்தி வந்தேன் என்றான். திரும்பிப் போய்க் கரையில் தேடலாம் என்று எல்லம்மா புறப்பட்டாள். பின்னால் புகையும், குதிரை ஆட்களும். நாலு பேர் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வடக்கே வந்தார்கள்.

பழவேற்காட்டில் ஒல்லாந்தர் என்கிற டச்சுக்காரர்களின் கோட்டை இருந்தது. கோட்டைக்கு மீனும் படகோட்ட ஆளும் வேண்டியிருந்ததால், கோட்டைத் தலைவனான கப்பித்தான் ஏரிக்கரையில் கொஞ்சம் மேட்டு நிலத்தைக் காட்டி, குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னான். இடம் கிடைத்ததே தவிர ஏரி கிடைக்கவில்லை. அங்கே எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பாடு என்று பெயர். வந்தேறிகளுக்கு ஏது பாடு? கெஞ்சிக் கூத்தாடி ஏழாம் வருஷம் ஒரு பாடு கிடைத்தது. அதுவும் மீன் எட்டிப் பார்க்காத மூலை. ஆகவே பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடித்தார்கள். பன்னிரண்டு வருஷம் சேற்றைத் தடவித் தடவி எல்லம்மாவின் விரல்களுக்குக் கண் முளைத்திருந்தது. கல் எது, நண்டு எது, இறால் எது என்று தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்.

இப்போது பழைய பாளையக்காரர் செத்து மகன் பட்டத்துக்கு வந்திருந்தான். படகோட்ட ஆளில்லாமல் கருமணல்துறைக்குக் கப்பல் வருவதே நின்றுவிட்டது. அதனால்தான் இந்தப் பாசம். எல்லாரும் திரும்பி வரலாம், பழைய மனைக்கட்டே தருகிறோம், மீனில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும், பழையதை மறந்து உறவாகிவிடுவோம் என்று ஓலை வந்தது. ஒல்லாந்தருக்கும் இதில் இஷ்டம். கருமணல்துறை வழியாக வருகிற துணி அவர்களுக்கு வேண்டும். தூது வருகிறவன் மேல் ஒரு கீறல் விழுந்தாலும் குடிசைகளைப் பிரித்துக்கொண்டு போக வேண்டியதுதான் என்று கோட்டைக்கு மொழிபெயர்க்கிற துபாஷி ஆதிகேசவன் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

குப்பம் இரண்டாகப் பிளந்தது. இருபத்தெட்டு வீட்டில் பாதிக்கு மேல் போகலாம் என்றது. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. இங்கே பெண் கேட்டால் வந்தேறி என்கிறார்கள். ஏரியில் இறங்கினால் அடிக்க வருகிறார்கள். தீ வைத்தவன் செத்துவிட்டான், ஆட்களைக் கொண்டுபோனது கடல், அதற்கு மகன்மேல் என்ன கோபம் என்று கேட்டார்கள். அப்படிக் கேட்டவர்களுக்குத் தலைவன் வேறு யாருமில்லை, தங்கவேல்தான். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் இரண்டு தரப்புப் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன் தம்பி வீட்டில் குழம்பு வாங்குவது நின்றது.

எல்லம்மாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பியைத்தான் பிள்ளையாக வளர்த்தாள். தான் பாதி வயிறு தின்று அவனுக்கு முழு வயிறு போட்டாள். பக்கத்து ஊரான கோட்டைக்குப்பத்தில் அலைந்து திரிந்து ராஜாத்தி என்ற நல்ல பெண்ணைக் கட்டிவைத்தாள். இப்போது ராஜாத்தி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போயிருந்தாள். தானாபதி வந்த அன்று காலை தங்கவேல் அக்கா குடிசைக்கு வந்து வாசலில் உட்கார்ந்தான்.

"என் புள்ளையாவது சொந்த மண்ணுல பொறக்கட்டும்க்கா. நீ ஒருத்தி தடுத்தா எல்லாம் நின்னுடும்."

"என் மாமியார் வெந்த மண்ணு அது. அதுலயா உன் புள்ளைய உருட்டப் போறே?" என்று கேட்டாள் அவள். அவன் எழுந்து போனான்.

அவன் சொன்னது சரிதான். அவள் ஒருத்தி தடுத்தால் எல்லாம் நின்றுவிடும். இவர்கள் சனத்தில் முறிந்த உறவை ஒட்டவைக்க ஒரு வழக்கம் உண்டு. உறவு கேட்டு வருகிறவன் ஒரு வலை கொண்டுவர வேண்டும். வலையைப் பாய்மேல் விரிப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் வந்து வலையைத் தொட வேண்டும். சம்மதமென்றால் ஓரத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வது. சம்மதமில்லை என்றால், வலை தாழ்வதற்காக மண்குண்டு கட்டிய அடிக்கயிற்றைப் பிடித்து, வலையைத் திருப்பி வீசுவது. ஒரு வீடு வீசினாலும் உறவு இல்லை. மற்ற வீடுகளெல்லாம் தயங்கித் தயங்கியாவது இணங்கிவிட்டன. எல்லம்மா வீசுவாள் என்பது குப்பத்துக்கே தெரியும். வீசினால் பாதிக் குப்பம் அவளை ஆயுசுக்கும் சபிக்கும் என்பதும் தெரியும்.

தானாபதி வந்து இறங்கினான். நரைத்த மீசை, சரிகைத் தலைப்பாகை, கூட எட்டு ஆள். பூவரச மரத்தடியில் பாய் விரித்து வெற்றிலை, தேங்காய், பட்டு எல்லாம் பரப்பினார்கள். கடைசியாக வலை வந்தது. புது நூல் வலை, பட்டைச் சாயத்தில் தோய்த்து மினுமினுவென்று இருந்தது. அரண்மனை ஆட்களுக்கு வலை என்றால் நூல்தான். மேலே நூல் புதிதாக இருந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிட்டார்கள், பாவிகள்.

குப்பத்துத் தலைவரான நாட்டார் பெரியசாமி ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டார். அறுபது வயது, நிதானமான மனுஷன். இருபத்தேழு வீடும் முடிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டவர்களில் சிலர் அழுதார்கள். எல்லம்மா பெயர் வந்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வந்து குனிந்து, வீசுவதற்காக அடிக்கயிற்றைப் பிடித்தாள்.

பிடித்தவள் பிடித்தபடியே நின்றாள்.

இந்தச் சனத்தில் வலைக்குக் குண்டு செய்வது பெண்கள் வேலை. களிமண்ணை உருட்டி, நடுவில் துளை போட்டு, ஈரம் காயுமுன் ஒவ்வொரு குண்டிலும் கட்டைவிரலை அழுத்தி அடுப்பில் சுடுவார்கள். விரல் பதிந்த குண்டு அந்த வீட்டுக்குச் சொந்தம். பிறத்தியார் அதைத் தொட்டு வலையில் கட்ட மாட்டார்கள். ஆள் செத்தால் அவன் வலையிலிருந்து குண்டுகளை அறுத்துத் தண்ணீரில் போடுவார்கள். அதற்கப்புறம்தான் அவன் போனதாகக் கணக்கு. நாகப்பனுக்கு அது நடக்கவில்லை. புது வலைக்கு நாற்பது குண்டு செய்து கொடுத்தாள் எல்லம்மா. அந்த வலையைத்தான் அவன் அன்று விடிகாலையில் முதல்முதலாகத் தோணியில் ஏற்றிக்கொண்டு போனான்.

சின்ன வயதில் அரிவாள்மனையில் வெட்டுப்பட்டு எல்லம்மாவின் வலது கட்டைவிரல் நுனி கொஞ்சம் சப்பையாக இருக்கும். இப்போது அந்த விரல் ஒரு குண்டின் பள்ளத்தில் போய்ப் படிந்தது. மேடு மேட்டோடும் பள்ளம் பள்ளத்தோடும் ஒட்டிக்கொண்டது. அடுத்த குண்டில் வைத்தாள். அதிலும் படிந்தது. அதற்கடுத்ததிலும். முப்பத்தேழு குண்டு இருந்தது. மூன்று உடைந்து போயிருக்க வேண்டும்.

வலையை அவள் வீசவில்லை. அடிக்கயிற்றை முழங்கையில் சுற்றிக்கொண்டு நாட்டாரிடம் போய்ச் சேறு படிந்த விரலை ஒரு குண்டில் வைத்துக் காட்டினாள். அப்புறம் கிழவர் விரலைப் பிடித்து அந்தப் பள்ளத்தில் வைத்தாள். பெரியசாமிக்கு விளங்க இரண்டு மூச்சு நேரம் ஆயிற்று. விளங்கியதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"இது கடலுக்குப் போன வலை" என்றாள் எல்லம்மா கூட்டத்தைப் பார்த்து. "என் புருஷனோட போன குண்டு. அரண்மனைக்கு எப்படிடா வந்துச்சு?"

தானாபதி சமாளிக்கத்தான் பார்த்தான். கடல் எத்தனையோ பொருளை ஒதுக்குகிறது, இதையும் ஒதுக்கியிருக்கும் என்றான். அரண்மனைக் கிடங்கில் பழைய அடிக்கயிறு கிடந்தது, நூல்தான் செத்திருந்தது, அதில் புது வலை கட்டச் சொன்னோம், வேறொன்றும் தெரியாது என்றான். மண்குண்டு மிதந்து வருமா என்று யாரோ கேட்டார்கள். அதுவும் முப்பத்தேழும் கோத்த வரிசையிலேயே வருமா என்று இன்னொருவன் கேட்டான். தானாபதி மீசையைத் தடவிக்கொண்டான். வலை கரைக்கு வந்திருக்கிறது. தோணி கவிழவில்லை. அப்படியானால் தோணி கவிழ்ந்தது என்று வந்து சொன்னவன் ஒருவன் இருக்கிறானே, எல்லார் கண்ணும் அவன் பக்கம் திரும்பியது.

தங்கவேல் பூவரச மரத்தில் சாய்ந்து நின்றிருந்தான். ஓடவில்லை. ஓட ஏது இடம்?

எல்லம்மா அவனிடம் போனாள். அவள் அடிப்பாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் கையைப் பிடித்து அதில் ஒரு குண்டை வைத்து மூடி, "சொல்லு" என்றாள்.

சொன்னான். மீனோடுதான் கரைக்கு வந்தார்களாம். குப்பத்தில் புகையைப் பார்த்துப் பதறித் தோணியை ஏற்றியபோது, அரண்மனை ஆட்கள் மணலில் காத்திருந்தார்கள். ஆறு பேரையும் அவர்களுடைய வலையாலேயே சேர்த்துக் கட்டி வெட்டினார்கள். நாகப்பனைக் கடைசியாக. இவனை மட்டும் கடலில் முக்கி எடுத்து, கடல் கொண்டுபோய்விட்டது என்று போய்ச் சொல், மாற்றிச் சொன்னால் உன் அக்காவையும் மிச்சப் பேரையும் தேடி வந்து வெட்டுவோம் என்று விரட்டினார்கள். விரட்டியது யார் என்று நாட்டார் கேட்டார். தங்கவேல் தானாபதியைப் பார்த்தான். பார்த்ததே போதுமாக இருந்தது.

பெண்கள் மண்ணை வாரித் தூற்றினார்கள். ஆண்கள் துடுப்பை எடுத்துக்கொண்டு தானாபதியை நோக்கிப் போனார்கள். ஆதிகேசவனும் கோட்டைச் சிப்பாய்கள் நாலு பேரும் குறுக்கே வந்து நின்றார்கள். அவன்மேல் கை வைத்தால் நாளைக்கு இந்தக் கரையில் ஒரு குடிசை இருக்காது என்றான் துபாஷி. சொல்லிவிட்டு அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. துடுப்புகள் தாழ்ந்தன. மற்ற வீடுகளெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வலையின் மேல் காறித் துப்பின. ஒட்ட வந்த உறவு அதோடு அறுந்தது.

எல்லம்மாவுக்கு அது போதவில்லை. எப்படிப் போதும்?

"பதினாறு வயசுல பயந்தே. அதை மன்னிச்சிருப்பேன்" என்றாள் தம்பியிடம். "இப்ப இருபத்தெட்டு. இப்ப எதுக்குடா பயந்தே?"

அதற்குப் பதில் சொன்னது தானாபதி. காரியம் கெட்டுப்போன எரிச்சலோ என்னவோ, துறைக்கு இவனைத்தான் நாட்டாராக வைப்பதாகப் போன வருஷமே ஓலை கொடுத்திருந்தோம் என்று சொல்லிவிட்டுத் தோளைத் தட்டிக்கொண்டான். புருஷனை வெட்டியவன் கையால் பட்டம் வாங்கிக்கொள்ள, தான் ஊட்டி வளர்த்தவன் ஒரு வருஷமாக நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்தான் என்பது எல்லம்மாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அப்போதும் அவள் குரல் உயரவில்லை.

நாட்டாரிடம் திரும்பி, இவனுக்குத் தண்டனை சொல்கிற உரிமை செத்தவன் வீட்டுக்காரிக்கு உண்டா இல்லையா என்று கேட்டாள். உண்டு என்றார் அவர்.

"அப்போ இவன் ஆசைப்பட்ட எடத்துக்கே இவனை அனுப்புங்க. அந்தத் தோணியிலயே."

கூட்டத்துக்குச் சட்டென்று புரியவில்லை. தங்கவேலுக்குப் புரிந்தது. ஆறு கொலையைக் கண்ணால் பார்த்தவன் அவன் ஒருவன்தான். கோட்டைத் துபாஷி கேட்க அதை வாய்விட்டும் சொல்லிவிட்டான். இனி அவனை அரண்மனை எதற்காக உயிரோடு வைத்திருக்கும்? அவன் மண்டியிட்டு அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"அங்க போனா என்னை விடமாட்டாங்கக்கா."

"தெரியும்" என்றாள்.

யோசித்துச் சொல் என்றார் பெரியசாமி. பன்னிரண்டு வருஷம் யோசித்தாகிவிட்டது என்றாள். தானாபதி அவனை ஏற இறங்கப் பார்த்தான். கூட்டிப்போக ஆட்சேபணை இல்லை என்றான். மிகவும் மரியாதையாகத்தான் சொன்னான். ஆதிகேசவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். இது குப்பத்து விவகாரம், கோட்டைக்கு இதில் வேலையில்லை என்று முனகினான்.

தங்கவேலைத் தோணியில் ஏற்றினார்கள். எல்லம்மா அவசரப்படாமல் தங்கவேல் குடிசைக்குப் போனாள். அவன் வலை கூரையில் தொங்கியது. அதற்கும் குண்டு செய்து கொடுத்தவள் அவள்தான். அவனுக்கு மீசை அரும்பிய வருஷம், ஏரிக் களிமண்ணில், அதே சப்பை விரலை அழுத்தி. கத்தியால் ஒவ்வொன்றாக அறுத்து மடியில் கட்டிக்கொண்டாள். நாகப்பனின் முப்பத்தேழு குண்டுகளையும் வலையிலிருந்து அடிக்கயிற்றோடு அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். முகத்துவாரத்தை நோக்கித் தோணி போக, அவள் கரையோடு கூடவே நடந்தாள். ஏரித் தண்ணீர் கடலோடு சேருகிற இடத்தில் முழங்காலளவு இறங்கி நின்றாள்.

முதலில் நாகப்பன் குண்டுகளைப் போட்டாள். போகட்டும், இத்தனை நாள் கழித்தாவது போகட்டும் என்று வாய்விட்டு அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மடியை அவிழ்த்தாள். தங்கவேல் தோணியில் எழுந்து நின்றான். தன்னுடைய குண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் விழுவதை அவன் பார்க்க வேண்டும் என்றுதான் அவள் நிதானமாகப் போட்டாள். அவன் அக்கா, அக்கா என்று கத்தினான். கடைசிக் குண்டு விழுகிறவரை அவள் கண்ணை எடுக்கவில்லை. அப்புறம் தோணி அலையைத் தாண்டித் தெற்கே திரும்பியது.

செய்தியை ராஜாத்திக்கு யார் சொல்வது என்று குப்பத்தில் தயங்கினார்கள். நான் சொல்கிறேன், வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்றாள் எல்லம்மா. ஈரச் சேலையோடு கோட்டைக்குப்பத்துக்கு நடந்தாள். வழியெல்லாம் அவளுக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பழி வாங்கிவிட்ட நிறைவு அது. பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாகக் கால் வலிக்காமல் நடந்தாள்.

ராஜாத்தி வாசலில் வயிற்றைப் பிடித்தபடி முறத்தில் கருவாடு புடைத்துக்கொண்டிருந்தாள். இன்றோ நாளையோ என்ற நிலை. நாத்தனாரின் ஈரத் துணியைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். அவர் வரவில்லையா என்று கேட்டாள்.

வரும் வழியெல்லாம் எல்லம்மா வேறு வார்த்தை தேடித்தான் பார்த்தாள். வாய்க்கு வந்தது அது ஒன்றுதான்.

"அவனைக் கடல் கொண்டுபோச்சும்மா."

ராஜாத்தி கத்தவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். எல்லம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

"பொணம் கெடச்சுதா?" என்று கேட்டாள்.

எல்லம்மா இல்லை என்று தலையை ஆட்டினாள்.